டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் துணை நிற்கும் சகோதரிக்கு

வாசகர் கேள்வி:

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய கிராமத்தில் வசிக்கிறேன். வயது 43. ஆறு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஊசியைப் பார்த்துப் பயந்தாலும், மிஷினே வேண்டாம் என்று மறுத்தாலும், சிஸ்டர் என்னைத்தான் அழைத்துப் பேசச் சொல்வார். நாளடைவில் என் போன் எண் எல்லோரிடமும் போய்விட்டது. இரவு பதினொரு மணிக்கும் கூப்பிடுகிறார்கள். ஐந்து மாதங்களுக்கு முன், டயாலிசிஸ் வேண்டவே வேண்டாம் என்றிருந்த 26 வயதுப் பையனை நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். சென்ற மாதம் அவன் இறந்துவிட்டான். அதன்பின் அந்த வார்டுக்குள் நுழையவே மனம் வரவில்லை. ஒரு நாள் போகாமலே இருந்துவிட்டேன். தண்ணீர் எடையும் கூடுகிறது. நான் துணையாக இருந்த இன்னொரு பெண்ணுக்கு அவளுடைய அம்மா சிறுநீரகம் கொடுத்தார். நன்றாக இருக்கிறாள்; இப்போது என்னோடு பேசுவதில்லை. அதை நினைத்தால் மனம் கசக்கிறது, அப்படிக் கசப்பது வெட்கமாகவும் இருக்கிறது. இதையெல்லாம் நிறுத்திவிட்டால், நம்பி வந்தவர்களைக் கைவிட்ட பாவம் வருமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன், ஒரு காரியத்தை முதலில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறிப்போன அந்த ஒரு நாளைப் பற்றியும் கூடிவரும் எடையைப் பற்றியும், அடுத்த முறை செல்லும்போதே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் இயந்திரம் உங்களுக்கு 12 மணி நேரத்தில் செய்து கொடுக்கிறது. அதிலும் நான்கு மணி நேரம் விட்டுப்போனால், உடம்பில் தேங்கும் நீரின் சுமையும் பொட்டாசியத்தின் சுமையும் நேராக இதயத்தின் மீது ஏறுகின்றன. மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் திணறினாலோ, கைகால் திடீரென்று தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ அடுத்த முறைக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு நீங்களே இதைச் சொல்லியிருப்பீர்கள். அப்படிப்பட்ட நீங்களே ஒரு நாள் போகாமல் இருந்தீர்கள் என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

பாவம் வராது. கைவிட்டதாகவும் ஆகாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் வாய்க்காலின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலப்பரப்பு, 2,07,000 ஏக்கர். அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் நஞ்சைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது என்பதால்தான் பாதி நிலத்துக்கு நஞ்சைக்கும் மறுபாதிக்குப் புஞ்சைக்கும் என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். முறை வராத வயலை யாரோ கைவிட்டுவிட்டார்கள் என்று அங்கே எவரும் பேசுவதில்லை. உங்களிடம் இருக்கும் தெம்புக்கு அப்படி ஒரு முறையை யாரும் வகுத்துத் தரவில்லை. இரவும் பகலும் மதகு திறந்தே கிடந்தது. அந்தக் குறை உங்களுடையது இல்லை. புதிய நோயாளியைத் தேற்றும் பொறுப்பை ஒரு டயாலிசிஸ் பிரிவு இன்னொரு நோயாளியிடம் ஒப்படைக்கும்போது, அவரால் எவ்வளவு முடியும், அவர் மனத்தில் இருப்பதை யார் கேட்பது, அவருக்கே முடியாமல் போனால் யார் அந்த இடத்தில் நிற்பது என்பதையெல்லாம் அந்தப் பிரிவுதான் யோசித்திருக்க வேண்டும். உங்கள் சிஸ்டர் நல்ல மனத்தோடுதான் உங்களை அழைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் நல்ல மனத்தை மட்டும் நம்பி நடக்கிற ஏற்பாடு, கடைசியில் அதில் மிகவும் நல்லவராக இருப்பவரைத்தான் முதலில் தளர்த்துகிறது. பணிச்சோர்வைப் பற்றி 1974இல் முதன்முதலாக விரிவாக எழுதிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ நிலையங்களில் தன்னார்வத்தோடு உழைத்தவர்களிடம்தான் அதைக் கண்டார். அக்கறை இல்லாதவர்களுக்கு அந்தச் சோர்வு அத்தனை எளிதில் வருவதில்லை.

உங்களுக்கும் என்னைப் போன்ற ஆலோசகர்களுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் தம் மரண பயத்தை என்னிடம் சொல்லும்போது, நான் கேட்பது அவருடைய பயத்தை. அதே வார்த்தைகளை அவர் உங்களிடம் சொல்லும்போது, நீங்கள் கேட்பது அவருடைய பயத்தையும் உங்களுடைய பயத்தையும் சேர்த்துத்தான். நான் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவேன்; நீங்கள் அதே அறையில், அதே இயந்திரத்தின் அருகில், அடுத்த கட்டிலில் படுக்க வேண்டியவர். உங்கள் பேச்சுக்கு இருக்கும் வலிமை அதனால்தான் வருகிறது, எந்த மருத்துவரும் தர முடியாத நம்பிக்கை அது. உங்களுக்கு ஏற்படும் சேதமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல், ‘அக்கா பேசினால் சரியாகிவிடும்’ என்று மட்டும் எண்ணியதன் விளைவை இப்போது நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

நம் கொங்குப் பகுதியில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் யார் யாருக்கு என்ன கடமை என்பது தெளிவாக இருக்கிறது. பங்காளிகள் ஒரு பக்கம் நிற்பார்கள், மாமன் மச்சான் கோடித் துணி கொண்டு வருவார்கள், ஒரம்பரை, அதாவது உறவினர் கூட்டம், முழுவதும் வந்து துக்கம் கேட்கும், கருமாதி வரை வீட்டாரைத் தனியாக விட மாட்டார்கள். துக்கப்படுவதற்கு உரிமையும் இடமும் நாட்களும் அதில் கிடைத்துவிடுகின்றன. அந்தப் பையனுக்கு நீங்கள் எந்த முறையில் உறவு? அந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள்? உங்களிடம் துக்கம் கேட்க யார் வந்தார்கள்? டயாலிசிஸ் பிரிவிலும், அடுத்த முறைக்குள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். மற்ற நோயாளிகள் பயந்துவிடக் கூடாது என்று ஊழியர்கள் அவர் பெயரையே எடுக்க மாட்டார்கள். ஊரும் உறவும் துக்கமென்று ஏற்றுக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் எழுதினார். இழப்பு பெரிதாக இருந்தும் அழுவதற்கு உரிமை மறுக்கப்பட்டால், அது ஆறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். வார்டுக்குள் நுழைய மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கோழைத்தனமாக நீங்கள் எண்ணியிருந்தால் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இழவு நடந்த இடத்துக்கே வாரம் மூன்று முறை, துக்கம் கேட்க ஒருவரும் இல்லாமல், நீங்கள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

‘நான் சம்மதிக்க வைத்தேனே’ என்ற எண்ணம் உங்களை அரிப்பது கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. அவர் எதனால் இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களின் மரணங்களில் பெரும்பங்கு இதயமும் ரத்தக்குழாய்களும் சார்ந்தவை, அடுத்தபடியாகத் தொற்றுகள். இந்த இரண்டுமே உங்கள் பேச்சால் வருபவையும் அல்ல, உங்கள் பேச்சால் தடுக்கக்கூடியவையும் அல்ல. சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்த ஒருவர் டயாலிசிஸ் இல்லாமல் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான் உயிரோடிருக்க முடியும். அந்தப் பையனுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் கிடைத்தன. அவை எப்படிப்பட்ட மாதங்களாக இருந்தன என்பது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரிந்தது. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நோயின் நிலையை அவருக்கு விளக்கியவர் மருத்துவர், முடிவெடுத்தவர் 26 வயது நிரம்பிய அவர். நீங்கள் செய்தது, அவர் தனியாக அந்த முடிவை எடுக்காதபடி பக்கத்தில் இருந்தது.

அவருடைய தாயைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். தோன்றாவிட்டால் போக வேண்டியதில்லை. உங்கள் பிரிவிலும் சிஸ்டரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். ஒருவர் இறந்துவிட்டால், வீட்டாரின் அனுமதியோடு, அவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்களுக்கு அதை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடமாவது அவரைப் பற்றிப் பேச இடம் தர வேண்டும். மறைத்தால் பயம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். காலியான கட்டிலைப் பார்த்துத் தாங்களே ஊகித்துக்கொள்கிறவர்களுக்குப் பயம் இரட்டிப்பாவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, உடம்பு. இந்தச் சேவை உங்கள் உடம்பின் மீது நேரடியாகவே ஏறுகிறது என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் பேசினால் வாய் உலர்கிறது. வாய் உலர்ந்தால் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகிறது. அதுவும் ஈரோட்டு வெயிலில். எடை கூடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும், நீங்களே கவனித்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல ஒரு வீட்டுக்குப் போனால், மோரோ காப்பியோ இளநீரோ கொடுக்காமல் நம் பக்கத்தில் அனுப்ப மாட்டார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதையும், உங்களுக்கு அது விருந்தோம்பல் ஆகாது என்பதையும் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். ஃபிஸ்துலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம், உள்ள கையில் போனைப் பிடித்தபடி, அந்தக் கையை மடக்கி, அதன் மேலேயே சாய்ந்து படுத்துப் பேசும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வெகுநேரம் அழுத்தம் பட்டால் அதில் ரத்தம் உறைந்து அடைபட வாய்ப்பு உண்டு. டயாலிசிஸ் முடிந்த பின் வரும் அசதி சிலருக்கு மறுநாள் வரை நீடிக்கும். அந்த அசதியில் தூங்க வேண்டிய இரவில்தான் பதினொரு மணிப் போன் வருகிறது.

இவற்றைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரம் இருக்கிறது. ‘அக்காவைப் பாருங்க, ஆறு வருசமா எப்படி இருக்காங்கன்னு’ என்று உங்களை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள். ‘உங்களப் பாத்தாத்தானுங்கக்கா ஒரு தைரியம் வருது’ என்று புதியவர்கள் சொல்கிறார்கள். கேட்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அன்றிலிருந்து உங்களுக்கு முடியாமல் போக உரிமையில்லாமல் போகிறது. மிஷினில் இருக்கும்போது கால் நரம்பு இழுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்தால் ‘ஒன்றுமில்லை’ என்கிறீர்கள். அழ வேண்டியதை வீட்டுக்குப் போகும் பேருந்து வரை தள்ளிப்போடுகிறீர்கள். இவற்றை நீங்கள் எழுதவில்லை. உங்களைப் போலத் துணை நிற்கும் பலரிடம் நான் கேட்டவை இவை என்பதால் உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன். இப்படி நடிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதோடு, அது புதியவர்களுக்கும் கேடு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. எப்போதும் நன்றாகவே இருக்கும் அக்காவைப் பார்த்துப் பழகியவர், தமக்கு ஒரு மோசமான நாள் வரும்போது, தாம் மட்டுமே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார். ‘இன்னைக்கு எனக்கு மிஷின் நாளுங்க சாமி, ஒடம்புக்கு முடியல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே கூப்புடறேன்’ என்று நீங்கள் சொன்னால், முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லலாம் என்பதை அவரும் கற்றுக்கொள்வார். இந்த நோயோடு வாழ அது மிகவும் தேவையான பாடம்.

சேவையை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்பவர், உதவி பெறுகிறவரைப் போலவே உதவி செய்கிறவரும் அதனால் குணம் பெறுகிறார் என்பதைக் கவனித்து எழுதினார். உங்களுக்கும் அது நடந்திருக்கும். நோய் பல வேலைகளை உங்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகு, இது ஒன்று மதிப்போடு கையில் நின்றது. ஆகவே இரண்டு மாதங்கள் முழுமையாக ஓய்வு எடுங்கள், அதன்பின் வேறொரு ஏற்பாட்டோடு திரும்புவதா என்று முடிவு செய்யுங்கள். ஓய்வு எடுப்பதை நீங்கள் ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியதில்லை; சிஸ்டரே அனைவரிடமும் சொல்லட்டும். அழைப்புகளுக்குப் பதிலாகப் பிரிவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, முடிந்தால் இந்தப் பணிக்கென்று தனி சிம் வாங்கி, அதை அணைத்து வையுங்கள்.

ஏற்பாடு என்று நான் சொல்வது, பிரிவின் பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டிய ஒன்று. உங்கள் பொறுப்பு அனுபவத்தைப் பகிர்வது, பக்கத்தில் இருப்பது, அதோடு நிற்கும். மருந்தின் அளவு, உலர் எடை (தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை), மிஷினை நிறுத்தலாமா வேண்டாமா என்ற கேள்விகள் மருத்துவரிடம் போக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, படிவம், கையெழுத்து என்று வரும் கேள்விகளை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவோ சமூகப் பணியாளரோ பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் போனில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இவையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஒரு நேரத்தில் இரண்டு புதியவர்களுக்கு மேல் வேண்டாம். டயாலிசிஸ் நாளிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் பேசுவதில்லை. உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேரைப் பிரிவே தேடிப் பழக்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் படுத்தால் இன்னொருவர் நிற்க முடியும். மாதம் ஒரு முறையாவது ஆலோசகர் ஒருவரோடு நீங்கள் அனைவரும் உட்கார்ந்து, கேட்டவற்றையும் சுமந்தவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். இதற்காகத் தனியாக வர வேண்டியிருந்தால், போக்குவரத்துச் செலவை மருத்துவமனை கொடுக்க வேண்டும். இதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் எந்த நேரத்திலும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ‘இனி மிஷினுக்கு வர மாட்டேன், போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று யாராவது சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அவர் வீட்டில் ஒருவருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிய வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. அந்த 14416 உங்களுக்கும்தான். பேசிப் பேசி இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது, நீங்களே அதில் பேசுங்கள்.

உங்கள் மனநிலையையும் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நேரில் பேசிக் கண்டறிந்த ஆய்வுகளின்படி, டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. அசதி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் சிறுநீரக நோயிலும் வரும் என்பதால் அது எளிதில் மறைந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லாமை, குற்ற உணர்வு, நாம் இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால், டயாலிசிஸில் இருப்பதைச் சொல்லி, சிறுநீரக மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றிய கசப்புக்கு வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்தது; அவளுக்காக மகிழ்வதும் உங்களுக்காக வருந்துவதும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருக்கலாம். அவள் பேசாததற்கு நன்றிகெட்ட தன்மை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மீண்டு வந்தவர்கள் பலர், தாங்கள் மட்டும் மீண்டுவிட்ட கூச்சத்தாலும் பழைய நாட்களின் பயத்தாலும் விலகி நிற்பதுண்டு. உறுப்பு மாற்றுக்கு நீங்கள் ஏற்றவரா என்றும், இறந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேட்டீர்களா? பிறருக்காக ஓடியதில் இந்தக் கேள்வி தள்ளிப்போயிருந்தால், இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு திரும்ப விரும்பினால், ஒரே ஒருவரோடு தொடங்குங்கள். முதல் சந்திப்பில் சிஸ்டர் உடன் இருக்கட்டும், வீட்டு எண் கொடுக்க வேண்டாம். அந்த முதல் வாரத்தில் உங்கள் எடையும் தூக்கமும் எப்படி இருந்தன என்று குறித்து வைத்து, அதைப் பார்த்துவிட்டு இரண்டாமவரை ஏற்றுக்கொள்வது பற்றி முடிவு செய்யுங்கள். திரும்ப விருப்பமில்லை என்று தோன்றினாலும் அதுவும் முறையான முடிவுதான். அதைச் சிஸ்டரிடம் சொல்லச் சிரமமாக இருந்தால், இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.